பேரப்பிள்ளைகளுக்கு மாலைப் பலகாரம்: புதிதாகப் பொறுப்பேற்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

முறுக்கும் அதிரசமும் கண்ணை மூடிக்கொண்டு சுடத் தெரிந்தவர்கள்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும்போது அதிகம் தடுமாறுகிறார்கள். கை பழகியிருப்பது பெரியவர்களின் நாக்குக்கு. அந்த இனிப்பு, அந்த உறைப்பு, அந்தக் கடக்முடக் எல்லாமே இரண்டு வயதுப் பேத்திக்கு அதிகம். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறீர்களா? சமையலைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அளவையும் வடிவத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும். கீழே உள்ளவை ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானவை. டம்ளர் என்று வரும் இடமெல்லாம் 200 மில்லி டம்ளர்.

1. முதலில் தாள்கள், பிறகு பாத்திரம்

பிள்ளையின் தடுப்பூசி அட்டையும் டாக்டர் சீட்டுகளும் உள்ள ஃபைலை மகளிடமோ மருமகளிடமோ கேட்டு ஒரு தடவை பாருங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, எள், கோதுமை என்று எதற்காவது ஒவ்வாமை குறித்திருந்தால் அந்தப் பொருள் உங்கள் கரண்டியில்கூடப் படக்கூடாது. "துளியூண்டுதானே" என்ற பேச்சு இதில் செல்லாது.

அடுத்தது பள்ளியின் சுற்றறிக்கை. பெரும்பாலும் பெற்றோரின் வாட்ஸ்அப்பில்தான் கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, முந்திரி வகைகளைக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சொல்லும் மழலையர் பள்ளிகள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம் என்பதுதான் காரணம். கிழமைக்கு ஒரு பலகாரம் என்று அட்டவணை போட்டிருக்கும் பள்ளிகளும் இருக்கின்றன.

மூன்றாவது தாளை நீங்களே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: கொடுக்கக்கூடாதவை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு. எழுதுவதற்கு முன் பிள்ளையின் அம்மா அப்பாவோடு பேசி முடிவுசெய்யுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். இரண்டு வயது வரை சேர்த்த இனிப்பே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். வெல்லத்தில் இரும்புச்சத்து என்று சொல்லிக்கொண்டு இரண்டு மடங்கு போடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு.

2. வயதைப் பார்த்து வெட்டுங்கள்

தொண்டையில் அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வடிவமும் கெட்டியும். உருண்டையாக, வழுக்கலாக, அழுத்தினால் நசுங்காததாக இருக்கும் எதுவும் சின்னத் தொண்டைக்கு அடைப்பான் மாதிரி பொருந்திவிடும்.

முழு வேர்க்கடலை, முழு முந்திரி, பாப்கார்ன், தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட் துண்டு, கல்கண்டு, கப்பில் வரும் ஜெல்லி: ஐந்து வயது வரை இவை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் இன்னும் வட்டமாகத்தான் இருக்கும், ஆபத்து அப்படியே நிற்கும். கொண்டைக்கடலையை மூன்று வயது வரை தோல் நீக்கி மசித்தே கொடுங்கள். பதம் பார்க்க எளிய வழி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துவது. சிரமமில்லாமல் நசுங்கினால் கொடுக்கலாம்.

உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, காரில் போய்க்கொண்டு எதுவும் வேண்டாம்.

அடைத்துவிட்டால்: பிள்ளை சத்தமாக இருமினால் இருமவே விடுங்கள். இருமலும் குரலும் வராமல் திணறினால் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை முன்பக்கம் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே கையை மடக்கி வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்தி இழுங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இது ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது. முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாய்க்குள் விரலை விடாதீர்கள், அது இன்னும் உள்ளே போய்விடும்.

3. ஒரு தடவை வாங்க வேண்டியவை

பணியாரக் கல் (இரும்பு அல்லது வார்ப்பிரும்பு) 400 முதல் 800 ரூபாய், மினி இட்லித் தட்டு 300 முதல் 500, ஆறு குச்சி ஐஸ் அச்சு 100 முதல் 150. ஊருக்கும் கடைக்கும் விலை மாறும். மூன்றையும் ஒரே நாளில் வாங்க அவசியமில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பணியாரக் கல்லை வாங்குங்கள். புது இரும்புக் கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி இரண்டு நாள் பழக்கின பிறகே மாவு ஊற்ற வேண்டும்.

சாமானில் வெல்லம் மட்டும் கவனம். பளீரென்று மஞ்சளாக மின்னும் வெல்லம் பெரும்பாலும் நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்க வைத்தது. கருத்த வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். கடைச் சத்துமாவு வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அதைச் சத்துமாவு என்று சொல்வதற்கில்லை.

4. அம்மிணிக் கொழுக்கட்டை

பிள்ளைகள் உட்கார்ந்து உருட்டுவதற்கு இதைவிட நல்ல பலகாரம் கிடையாது. எண்ணெய் மிகக் குறைவு, செலவும் குறைவு. நால்வர் சாப்பிட முப்பது ரூபாய்க்குள் முடியும். அடுப்பு வேலை 25 நிமிடம், உருட்டுவதற்கு அரை மணி. பேரன் உதவினால் முக்கால் மணி.

பதப்படுத்திய அரிசி மாவு (இடியாப்ப மாவு) ஒரு டம்ளர். தண்ணீர் ஒன்றேகால் டம்ளர், மாவு பழசாக இருந்தால் ஒன்றரை. உப்பு அரை டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன்.

தண்ணீரில் உப்பும் எண்ணெயும் போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஓரத்தில் முத்து முத்தாக வரும்போதே மாவைப் போட்டால் அங்கேயே பலகாரம் கெட்டது. கொதித்ததும் அடுப்பை அணைத்து, மாவை ஒரே தடவையாகக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி, தட்டு போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அந்த மூடியிருக்கும் நேரத்தில்தான் மாவு தண்ணீரை இழுத்துப் பாதி வேகிறது. பிறகு கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, சூடு பொறுக்கும் பதத்தில் பிசையுங்கள். உள்ளங்கையில் ஒரு சின்ன உருண்டை உருட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் வழவழவென்று விரிந்தால் பதம் சரி. ரவிக்கைத் துணி கிழிந்த மாதிரி ஓரம் பிளந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், வெந்நீர் ஒரு ஸ்பூன் தெளித்து மறுபடி பிசையுங்கள். பச்சைத் தண்ணீர் தெளித்தால் பிளவு போகாது. விரலில் ஒட்டி இழுத்தால் தண்ணீர் அதிகம், வறுத்த மாவு ஒரு ஸ்பூன் தூவுங்கள்.

மாவு வெதுவெதுப்பானதும் பேரனைக் கூப்பிடுங்கள். கையை சோப்பு போட்டு அலம்பிய பிறகு, ஒரு தட்டும் துளி எண்ணெயும் கொடுத்து அடுப்பங்கரைக்கு வெளியே தரையில் உட்கார வையுங்கள். சுண்டைக்காய் அளவு உருண்டைகள். இங்கேதான் ஒரு முக்கியமான மாற்றம்: உருட்டிய ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திக் குழி பண்ணச் சொல்லுங்கள். பெரியவர்கள் சாப்பிடும் முழு உருண்டை இழுவையாக இருக்கும், சின்னப் பிள்ளை மெல்லாமல் விழுங்கிவிடும். குழி விழுந்தது சீக்கிரம் வேகும், தாளிப்பும் அதில் தங்கும். மூன்று வயதுக்குள் என்றால் இதே மாவில் விரல் பதியப் பிடிகொழுக்கட்டையாகப் பிடித்து, வெந்த பிறகு உதிர்த்துக் கொடுங்கள்.

இட்லிப் பானையில் ஆவி வந்த பிறகு தட்டை வைத்து எட்டு முதல் பத்து நிமிடம். எடுத்தவுடன் கிளறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் தட்டிவிடுங்கள், தனித்தனியாக உதிரும். பதினைந்து நிமிடம் வேகவைத்தால் ரப்பர்.

தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, நறுக்கிய கறிவேப்பிலை, பெருங்காயம், இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல். மிளகாய் வேண்டுமென்றால் முழுசாகப் போட்டு எடுத்துவிடுங்கள். நிறம் வேண்டுமானால் தண்ணீரில் பாதிக்குக் கேரட் சாறோ பீட்ரூட் சாறோ ஊற்றிக் கொதிக்க வைக்கலாம். மூன்று நிறம் கலந்து கொடுத்தால், வெள்ளையைத் தொடாத பிள்ளையும் சிவப்பைப் பொறுக்கித் தின்னும்.

5. வேர்க்கடலை உருண்டை, கடலை மிட்டாய்க்குப் பதிலாக

கடலை மிட்டாயின் பாகு பல்லில் ஒட்டும், முழுக் கடலை தொண்டைக்கு ஆகாது. பொடித்துப் பிடித்தால் இரண்டு தொல்லையும் இல்லை. வேர்க்கடலையை முதல்முறை கொடுப்பதானால் பகல் வேளையில், கால் ஸ்பூன் பொடி மட்டும் கொடுத்து இரண்டு மணி நேரம் பாருங்கள். முகத்தில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேர்க்கடலை 200 கிராம், பொடித்த வெல்லம் 70 முதல் 80 கிராம். பெரியவர்களுக்குக் கடலைக்குச் சரிபாதியும் அதற்கு மேலும் வெல்லம் போடுவோம். பிள்ளைக்கு இவ்வளவு போதும், முதலிலிருந்தே இந்த இனிப்பில் பழகிவிடும். சுருங்கியது, கருத்தது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூசணத்தின் நஞ்சு வறுத்தாலும் போகாது.

சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, முற்றிலும் ஆறிய பிறகு தோல் நீக்குங்கள். மிக்சியில் விப்பரில் விட்டு விட்டு நாலைந்து தடவை ஓட்டினால் போதும். ஒரே மூச்சில் ஓட்டினால் பிளேடு சூடேறி எண்ணெய் பிரிந்து களியாகிவிடும். வெல்லத்தைச் சேர்த்து ஒரே சுற்று. கடலையில் உள்ள எண்ணெயே பிடிக்கப் போதும், நெய் தேவையில்லை. நெல்லிக்காய் அளவில் 18 உருண்டைபோல வரும், மொத்தச் செலவு ஏறக்குறைய 40 ரூபாய். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். ஈரக் கையால் எடுத்தால் இரண்டே நாள். நாளைக்கு ஒன்று. சின்னதுகளுக்கு உருண்டையாகக் கொடுக்காமல் வாழைப்பழத்தில் உதிர்த்துக் கொடுக்கலாம்.

6. நிற இட்லியும் ராகிப் பணியாரமும்

மினி இட்லியில் நிறம் சேர்க்கும்போது பலருக்கு வரும் ஏமாற்றம் பச்சை நிறம். பாலக்கை அரைத்து ஊற்றினால் மாவு கிளிப்பச்சையாக இருக்கும், வெந்ததும் பழுப்பேறிப் பாசி நிறமாகிவிடும். மாவின் புளிப்பும் சூடும் சேர்ந்து கீரையின் பச்சையத்தைச் சிதைப்பதுதான் காரணம். புளிப்பு ஏறாத முதல் நாள் மாவில், நேரம் குறைவாக வேகும் தோசையில் போட்டால் பச்சை ஓரளவு நிற்கும். கேரட்டின் நிறம் எதற்கும் அசையாது. பீட்ரூட் மாவில் ரோஜா நிறமாக இருந்து வெந்ததும் சற்று மங்கும். மறுநாள் பிள்ளை சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறாதீர்கள், பீட்ரூட் தின்ற சிலருக்கு அப்படிப் போகும். ஆனால் பீட்ரூட் கொடுக்காத நாளில் சிவப்பாகப் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு டம்ளர் மாவுக்கு வேகவைத்து அரைத்த விழுது இரண்டு டேபிள்ஸ்பூன். அரைக்கும்போது தண்ணீர் விடாதீர்கள். விட்டால் மாவு நீர்த்து இட்லி தட்டையாகும், பழி அரிசி மேல் விழும்.

ராகியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, தானியங்களில் அதிகம். ஆனால் வெறும் ராகிக் களியைத் தள்ளிவிடும் பிள்ளை பணியாரமாகச் சுட்டால் தின்னும். ராகி மாவு ஒரு டம்ளர், இட்லி மாவு ஒரு டம்ளர், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, வெல்லம் கால் டம்ளர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஆறிய பிறகே மாவில் ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் ராகி கட்டி தட்டும், எவ்வளவு கரைத்தாலும் உடையாது. குழியில் முக்கால் பாகம் மாவு, சிறுதீ, மூடி போட்டு மூன்று நிமிடம், திருப்பி இரண்டு நிமிடம். வெளியே கருகி உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம், அல்லது வெல்லம் அதிகம். இனிப்பு கூடக் கூட மேல் தோல் சீக்கிரம் கருகும்.

7. சுண்டல்

வெள்ளைக் கொண்டைக்கடலை எட்டு மணி நேரம், பச்சைப்பயறு நாலு மணி நேரம் ஊற வேண்டும். காலையில் மறந்துவிட்டால் அன்றைக்குப் பச்சைப்பயறுதான். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொண்டைக்கடலைக்கு ஐந்தாறு விசில், பயறுக்கு இரண்டு. வயிறு உப்புசத்துக்குப் பெரும்பாலும் அரைவேக்காடுதான் காரணம், பெருங்காயம் மட்டும் போட்டால் அது சரியாகாது. மிச்சமானால் மறுநாள் மசித்து, வேகவைத்த உருளைக்கிழங்கு சேர்த்துத் தோசைக்கல்லில் தட்டையாகச் சுட்டுக் கொடுங்கள். தேங்காய் போட்ட சுண்டலை மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

8. வெயில் காலத்துக்குப் பழ ஐஸ்

மாம்பழ விழுது ஒரு டம்ளர், புளிக்காத கெட்டித் தயிர் அரை டம்ளர், சர்க்கரை கிடையாது. அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் எட்டு மணி நேரம். எடுக்கும்போது அச்சைக் குழாய்த் தண்ணீரில் இருபது விநாடி காட்டினால் தானாக வழுக்கி வரும், இழுத்தால் குச்சி மட்டும் கையோடு வந்துவிடும். தர்ப்பூசணிச் சாற்றை மட்டும் உறைய வைத்தால் பாறாங்கல் ஆகும், அதில் முழுக்கத் தண்ணீர். ஒரு வாழைப்பழம் மசித்துச் சேர்த்தால் மெத்தென்று வரும். உறைந்த முழுத் திராட்சை எந்தச் சின்னப் பிள்ளைக்கும் வேண்டாம்.

9. எப்போது, எவ்வளவு

பள்ளி விட்டு வந்து கால் மணிக்குள் பலகாரம் தட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் பிள்ளை பிஸ்கட் டப்பாவைத் திறந்திருக்கும். நாலு மணிக்குக் கொடுத்தால் ஏழு மணிச் சாப்பாட்டுக்குப் பசிக்கும். ஐந்தரைக்குக் கொடுத்தால் பசிக்காது, அந்தப் பழி உங்கள் மேல்தான் வரும். மூன்று வயதுக்கு மூன்று பணியாரமும் பாதி வாழைப்பழமும் தாராளம். நாள் முழுக்க அரை லிட்டருக்கு மேல் பால் போனால் பசியே மடங்கிவிடும். டீ, காபி ஒரு மடக்கும் வேண்டாம்.

துப்பினால் விட்டுவிடுங்கள். புது ருசியைப் பிள்ளை ஏற்க எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம், நான்கு நாள் இடைவெளி விட்டு மறுபடி ஒரே ஒரு துண்டு வையுங்கள். "இதைத் தின்றால் சாக்லேட்" என்று பேரம் பேசினால் சாக்லேட்தான் உயர்ந்தது என்று நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி. இனிப்பு தின்றதும் ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

10. பள்ளி டப்பா

இடைவேளை பத்துப் பதினைந்து நிமிடம்தான், அதில் பாதி கை கழுவுவதிலேயே போய்விடும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிகிற அளவு வையுங்கள். பணியாரம், மினி இட்லி, ஆவியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு விரல்கள் நல்லவை. சட்னி, தயிர் எதுவும் வேண்டாம், பை முழுக்கச் சிந்தும். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து இட்லி சொதசொதக்கும், வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசியும் போகும். ஆறின பிறகே மூடுங்கள். ஆப்பிள் கருக்காமல் இருக்க வெட்டிய துண்டை உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்து வைக்கலாம்.

புது டப்பா வாங்கினால், சோமவாரம் அனுப்புவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையின் கையில் கொடுத்து மூடியைத் தானே திறக்கிறதா என்று பாருங்கள். பலகாரம் அப்படியே திரும்பி வருகிற நாட்களில் பாதிக்கு மூடிதான் காரணமாக இருக்கும்.